துருப்பிடித்த கப்பல்களைத் தேடும் கேமராக்கள்: நெல்லை, தூத்துக்குடி கரையில் என்ன மிச்சம்?

இன்ஸ்டாகிராமில் 'ஷிப்ரெக்' என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு ஏறி, பாதி மணலிலும் பாதி அலையிலுமாகச் சாய்ந்து கிடக்கும் கப்பல் படங்கள் வரிசையாக வரும். கிரீஸின் சாகிந்தோஸ் தீவில் 1980-ல் தரைதட்டிய 'பனாகியோடிஸ்' அதில் ஒன்று. நமீபியா பாலைவன மணலில் கிடக்கும் 'எட்வர்ட் போலன்' இன்னொன்று. இந்தப் படங்களுக்காகவே விமானம் ஏறுகிறவர்கள் உண்டு.

திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கடல். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று வரிசையாகக் கரையோர ஊர்கள். முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கி, இரண்டாயிரம் வருஷமாகக் கப்பல் வந்து போன கரை இது. அப்படியிருந்தும் துருப்பிடித்து நிற்கும் பெரிய கப்பல் ஒன்றை இந்தக் கரையில் 'ஸ்பாட்' என்று யாரும் காட்டுவதில்லை. ஏன்?

இங்கே இரும்பை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை என்பதுதான் சுருக்கமான பதில். விளக்கமான பதிலுக்கு நாம் தினமும் சொல்லும் ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

காயலான் கடையும் தாமிரபரணியும்

பழைய இரும்பு வாங்கும் கடையைக் 'காயலான் கடை' என்கிறோம். சென்னைக்காரர்கள் பலருக்கு இது தங்கள் ஊர் வழக்கு என்று நினைப்பு. ஆனால் இந்தச் சொல்லின் வேர் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது என்பார்கள். பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று காயல்கள் அங்கே உண்டு. காயல்பட்டினத்து வணிகர்கள் சென்னைக்குப் போய்ப் பழைய இரும்பு வியாபாரம் செய்தார்கள். காயலர்களின் கடை 'காயலான் கடை' ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அந்தக் காயல் சாதாரண ஊர் இல்லை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த பாண்டியர் துறைமுகம் அது. அதற்கு முன்பு கொற்கை. இன்று கொற்கைக்குப் போனால் வயலும் குளமும் வன்னி மரமும்தான் இருக்கும். கடல் அங்கிருந்து ஆறேழு கி.மீ. தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். நமீபியாவில் 1909-ல் கரை ஒதுங்கிய 'எட்வர்ட் போலன்' இன்று கடலுக்குப் பல நூறு மீட்டர் உள்ளே பாலைவனத்தில் நிற்பதைப் பார்த்து உலகமே ஆச்சரியப்படுகிறது. அங்கே ஒரு கப்பலைக் கடல் விட்டுவிட்டுப் போனது. இங்கே ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. படத்தில் காட்ட ஒரு இரும்புக்கூடு இல்லை, அதுதான் வித்தியாசம்.

கப்பல் கரை தட்டினால் என்ன நடக்கும்?

தென் தமிழகக் கரையில் கப்பல் மாட்டுவது புதிதில்லை. 2023 செப்டம்பரில் கூடங்குளத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அணுமின் நிலையத்தின் 5, 6-வது உலைகளுக்காக ரஷ்யாவிலிருந்து வந்த இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களைத் தூத்துக்குடியிலிருந்து மிதவைக் கப்பலில் ஏற்றி, இழுவைக் கப்பல் இழுத்து வந்தது. வழியில் கயிறு அறுந்தது. கூடங்குளம் கரைக்குப் பக்கத்திலேயே மிதவை பாறையில் போய் உட்கார்ந்துகொண்டது. பல நாள் போராட்டத்துக்குப் பிறகே அதை மீட்க முடிந்தது. டிவியில் எல்லோரும் பார்த்த அந்தக் காட்சி நிரந்தரமாக நீடிக்கவில்லை.

2012 அக்டோபர் 31-ம் தேதி நீலம் புயலில் சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு அருகே தரைதட்டிய 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பலும் அப்படித்தான். ஊரே திரண்டு போய்ப் படம் எடுத்தது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் அது இழுத்துச் செல்லப்பட்டுவிட்டது. அந்தப் படங்களில் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகில் தப்ப முயன்றவர்களில் ஆறு பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கரையில் செல்ஃபி எடுத்தவர்களுக்குப் பின்னால் தெரிந்த கப்பல் அதுதான்.

கைவிடப்பட்ட கப்பலை அகற்ற வேண்டிய பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு. கப்பல் சிதைவுகளை அகற்றுவது பற்றிய 2007-ம் ஆண்டு நைரோபி உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. செலவுக்கு இன்சூரன்ஸ் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சம். உரிமையாளர் கையை விரித்துவிட்டால் கதை இழுக்கும். கோவா காண்டோலிம் கடற்கரையில் 2000 ஜூனில் மாட்டிய 'ரிவர் பிரின்சஸ்' அப்படித்தான் 12 வருஷம் அங்கேயே நின்றது. வழக்கு, டெண்டர், மறு டெண்டர் என்று போய், 2012-ல்தான் கடைசித் துண்டை அகற்றினார்கள். கோவாவுக்குப் போன ஒரு தலைமுறை டூரிஸ்ட்டுகளின் ஆல்பத்தில் அந்தக் கப்பல் இருக்கும். இடையில் கடற்கரை மணல் அரித்துப் போனதாக உள்ளூர்க்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவருக்கு அழகு, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி. துருப்பிடித்த கப்பல் என்றால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

விசாகப்பட்டினத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2020 அக்டோபரில் தென்னேட்டி பூங்கா அருகே ஒதுங்கிய வங்கதேச சரக்குக் கப்பல் 'மா'வை உணவகமாக மாற்றலாம் என்று ஆந்திர சுற்றுலாத் துறை திட்டம் போட்டது.

இரும்பு கடலில் ஏன் இவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது?

துரு ஏற மூன்று பொருள் போதும். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். இதில் உப்பு சேர்ந்தால் வேலை படுவேகமாக நடக்கும். துருப்பிடிப்பது அடிப்படையில் ஒரு மின்வேதி நிகழ்வு. பேட்டரிக்குள் நடப்பதுபோல இரும்பின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மின்னணுக்கள் ஓடுகின்றன. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கடல்நீர் பட்ட இரும்பு சீக்கிரம் கரைகிறது.

அலுமினியத்திலும் ஆக்சைடு படலம் உண்டாகும். அது ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படி இல்லை. அது உருவாகும்போது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் உப்பி, செதில் செதிலாக உரிந்து விழும். விழுந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதிலும் துரு ஏறும். கப்பலில் அதிகம் அடிவாங்குவது முழுக்க நீருக்குள் இருக்கும் பகுதி இல்லை. அலை அடித்து அடித்து நனைந்து காயும் பகுதிதான். அங்கேதான் உப்பு, ஈரம், காற்று மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. கேமராக்காரர்கள் தேடும் அந்த அடுக்கடுக்கான ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு எல்லாம் இந்தப் பட்டையில்தான் நன்றாகத் தெரியும். ஆரஞ்சு நிறம் ஈரத்தில் புதிதாக உண்டான துரு. கறுப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவாகக் கிடைத்த இடம். நடுவில் பச்சை தெரிந்தால் செம்போ பித்தளையோ அங்கே இருக்கிறது என்று அர்த்தம், பாசியாக இல்லாத பட்சத்தில்.

ஈழத்தமிழில் துருவுக்குக் 'கறள்' என்று பெயர். 'கறள் கட்டின இரும்பு' என்பார்கள். சொல்லைக் கேட்டாலே நாக்கில் அந்தச் சொரசொரப்பு தெரிகிறது.

எல்லா இரும்பும் இப்படி அழிந்துவிடுமா? இல்லை. அதற்கும் உதாரணம் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் சிவகளையில் தாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருட்களின் காலத்தை ஆய்வுக்கூடங்கள் கணித்தன. அதில் மிகப் பழைய கணிப்பு கி.மு. 3345. 2025 ஜனவரி 23-ம் தேதி தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் இது வந்தது. ஆதிச்சநல்லூரில் 1876 முதலே இரும்பு ஆயுதங்கள் கிடைத்துவருகின்றன. அவையும் துருப்பிடித்தவைதான். ஆனால் உருவம் இருக்கிறது. மண்ணுக்குள், தாழிக்குள், அலை அடிக்காத இடத்தில் இருந்ததால் பிழைத்தன. ஆற்றின் நடுப்பகுதியில் புதைத்த இரும்பு ஆயிரக்கணக்கான வருஷம் தாங்கியிருக்கிறது. அதே ஆறு கடலில் சேரும் இடத்தில் வெளியே கிடக்கும் இரும்பு ஒரு மனிதரின் ஆயுளைத் தாங்குவதே கஷ்டம்.

வெறும் துருவைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

லைக்ஸ் வாங்கலாம். அதைத் தாண்டியும் பயன் இருக்கிறது, அதற்கு டைட்டானிக்கே சாட்சி.

1912-ல் மூழ்கிய டைட்டானிக், 1985-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அந்த இருட்டிலும் துரு விடவில்லை. கப்பலிலிருந்து பனிக்கூம்பு மாதிரித் தொங்கும் துருவில் வாழும் ஒரு பாக்டீரியாவை ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் புது இனமாக அறிவித்து, 'ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே' என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் ஆழ்கடல் கருவிகள் அந்தக் கப்பலை ஏழு லட்சத்துக்கும் அதிகமான படங்களாக எடுத்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் கோர்த்து முழுக் கப்பலின் முப்பரிமாண உருவத்தை உருவாக்கினார்கள். 2024-ல் மறுபடி ஒரு குழு போனபோது, கப்பலின் முன்முனையில் இருந்த புகழ்பெற்ற கைப்பிடிக் கம்பியில் ஒரு பகுதி உடைந்து கீழே கிடந்தது. விழுந்தது எது, எவ்வளவு என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், முன்பு எடுத்த படங்கள் கையில் இருந்ததுதான்.

தமிழர்கள் வாழும் கரையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 2006 டிசம்பரில் இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போன ஜோர்டான் நாட்டுக் கப்பல் 'ஃபரா-3', இயந்திரக் கோளாறால் முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. அப்போது அது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. இறுதிப் போர் நடந்த அதே கரையில், போர் முடிந்த பிறகும் அந்தத் துருப்பிடித்த கூடு நின்றது. போனவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்காக வெட்டி எடுத்தார்கள். ஒரு பெரிய துயரத்தின் நிலக்குறியாக இருந்த கப்பல் அது. இன்று அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் படங்களைத்தான் எடுத்துவைக்க வேண்டும்.

திருகோணமலையிலும் ஒன்று. 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் 'சகாயிங்' என்ற பயணிகள் கப்பல் துறைமுகத்திலேயே போனது. இலங்கைக் கடற்படையின் முக்குளிப்பாளர்கள் 2018 மார்ச்சில் அதை மேலே கொண்டுவந்தார்கள். 75 வருஷத்துத் துருவோடு அது தண்ணீருக்கு மேல் தலைகாட்டிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பிறகு அதைக் கொண்டுபோய் வேறு இடத்தில் மூழ்கடித்துவிட்டார்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலில் 307 பேர் இறந்தார்கள். அது ஒரு கல்லறை. அங்கே போகும் ஆழ்கடல் புகைப்படக்காரர்கள் எதையும் தொடாமல், எடுக்காமல் வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு இறங்குவது அதனால்தான்.

நெல்லைச் சீமையின் பெரிய இழப்பு வேறு. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் 'காலியா', 'லாவோ' கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்பெனி நொடித்துப்போய், கப்பல் போட்டி வெள்ளைக்காரக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. அவை புயலில் உடையவில்லை, பாறையில் மோதவில்லை. உடைந்திருந்தால்கூடத் தூத்துக்குடிக் கடலில் ஒரு இரும்புத் துண்டாவது கிடந்திருக்கும் என்று யாராவது ஆதங்கப்பட்டால் அதைத் தப்பு சொல்ல முடியாது.

சரி, நெல்லையிலிருந்து எங்கே போகலாம்?

முதலில் மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கி.மீ. 1540-ல் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி இங்கே கரை சேர்ந்ததாகவும், உயிர் பிழைத்த மாலுமி உடைந்த பாய்மரத்திலிருந்தே ஒரு சிலுவை செய்து மணல் குன்றில் நட்டதாகவும் ஊர் வரலாறு சொல்கிறது. குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலின் தொடக்கம் அதுதான். செப்டம்பர் 14-ல் திருவிழா. உடைந்த கப்பலின் ஒரு பகுதியைக் கரையில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய கதை இந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம். குன்றின் மீதிருந்து பார்த்தால் காயலும் கடலும் ஒரே ஃப்ரேமில் வரும்.

அடுத்தது தூத்துக்குடியின் பழைய துறைமுகம். மரத்தால் கட்டிய தோணிகள் இங்கிருந்துதான் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தத் தோணி உலகம் தெரியும். 2013-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய புத்தகம் அது. ஆயுள் முடிந்த மரக்கலத்தில் துரு வேறு மாதிரி வேலை செய்கிறது. மரம் வெளிறிச் சாம்பல் நிறமாகும். ஆணி அடித்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் கண்ணீர்க் கோடு மாதிரித் துரு வழிந்திருக்கும். கிட்டப்போய் எடுத்தால் முழுக் கப்பலைவிட இந்தக் கோடுகள்தான் நன்றாக வரும். ஆனால் இது வேலை நடக்கும் துறைமுகம். அனுமதி கேட்காமல் கேமராவோடு உள்ளே போக முடியாது. ஆட்கள் சுமை தூக்கும் வழியில் நின்றுகொண்டு 'ஒரு நிமிஷம் அண்ணே, அப்படியே நில்லுங்க' என்று சொல்வதும் மரியாதை இல்லை.

மூன்றாவது, இன்றைக்கு இருப்பதிலேயே அவசரமானது. பாம்பன் பழைய ரயில் பாலம். கப்பல் இல்லைதான். ஆனால் கப்பலுக்கு வழிவிடுவதற்காகவே நடுவில் திறக்கும் பாலம். 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டு நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. பெயின்ட் அடிப்பதும் துரு சுரண்டுவதும் அங்கே முடியாத வேலை. உலகத்திலேயே இரும்பு வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று என்று ரயில்வே பொறியாளர்கள் பாம்பனைச் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, ரயில் கடலுக்குள் போனபோது பாலமும் சேதமானது. மறுபடி கட்டி எழுப்பினார்கள். 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. பழையதை அகற்றுவது என்று ரயில்வே முடிவு செய்துவிட்டது. நெல்லை வழியாகப் போகும் கன்னியாகுமரி - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இப்போது புதிய பாலத்தில்தான் போகிறது. பழையதைப் படம் எடுக்க நினைப்பவர்கள் அடுத்த லீவு வரை தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு எடுக்காதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

போனிலேயே எப்படி எடுப்பது?

துருவுக்கு எதிரி உச்சி வெயில். மேகமூட்டமான நாளில்தான் ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். தூத்துக்குடி, திருச்செந்தூர் கரை கிழக்கு பார்த்தது. கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் காலையில் சூரியன் எதிரே இருக்கும், நிழலுருவம்தான் கிடைக்கும். சாயங்காலம் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும், அப்போது துருவின் நிறம் முழுசாகத் தெரியும். எது வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு போகலாம்.

போன் கேமராவின் 'ஆட்டோ' நிறச் சமன்பாடு ஒரு தொல்லை. அதிகமான ஆரஞ்சைப் பார்த்ததும் 'இது தப்பான வெளிச்சம்' என்று நினைத்து நிறத்தை வெளிறச் செய்துவிடும். 'ப்ரோ' மோடு இருந்தால் வெயில் அல்லது மேகம் என்று ஒன்றில் நிலைநிறுத்திவிடுங்கள். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்தால் செதில்களின் நிழல் ஆழமாக வரும். ஈரமான இரும்பு பளபளத்துத் தொல்லை கொடுக்கும். போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதை மாட்டிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் இரண்டடி தள்ளி நின்று கோணத்தை மாற்றினாலே பாதி பளபளப்பு போய்விடும்.

அழகான படம் ஒன்று, பயனுள்ள படம் ஒன்று என்று இரண்டு எடுத்துக்கொள்வது நல்லது. பயனுள்ள படத்தில் ஒரு ரூபாய் நாணயமோ பேனாவோ ஓரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரியும். அதே இடத்தில் அதே உயரத்தில் நின்று ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் தேதியும் இடமும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்தத் தகவலும் போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது அசலைத் தனியாகச் சேமித்துவையுங்கள். நிறத்தை ஏகத்துக்கும் ஏற்றி, சிவப்பை ரத்தம் மாதிரி ஆக்கிய படத்தால் லைக் வரும், ஆதாரமாக ஒரு பிரயோஜனமும் இல்லை.

திரும்பி வந்ததும் போனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க மறக்கக் கூடாது. கப்பலைத் தின்ற அதே உப்பு சார்ஜிங் பின்னையும் தின்னும்.

எதைச் செய்யக் கூடாது?

ஏறக் கூடாது. துருப்பிடித்த தகடு வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே காகிதம் மாதிரி ஆகியிருக்கும். காலை வைத்தால் தொடை வரை உள்ளே போகும். வெட்டுக்காயம் பட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். துருவே அந்த நோயைத் தருவதில்லை. அழுக்கும் மண்ணும் ஒட்டிய ஆழமான காயத்தில் கிருமி வளர்கிறது என்பதுதான் ஆபத்து. பழைய கப்பல்களின் இயந்திர அறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் பூச்சும், அடிப்பாகத்தில் நச்சுப் பெயின்ட்டும் இருந்திருக்கும். மூடிய அறைக்குள் துரு ஏறும்போது அங்குள்ள ஆக்சிஜனையும் அது எடுத்துக்கொள்ளும். பழைய கப்பல் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சு முட்டி இறப்பது இதனால்தான். பழக்கப்பட்ட தொழிலாளர்களையே விடாத விஷயம் இது.

கடலையும் நம்பக் கூடாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. புயல் இல்லை, மழை இல்லை. எங்கோ தொலைவில் எழும்பிய அலை திடீரென்று வந்து ஏறுவதைத்தான் மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. பாறை மேல் ட்ரைபாட் வைப்பதற்கு முன்பு அதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'கடல் எப்படிய்யா இருக்கு?' என்று கேட்டால் போதும்.

ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்களுக்கு இந்தக் கரை சரியான இடமே இல்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், குலசேகரன்பட்டினத்தில் எழும் இஸ்ரோ ஏவுதளம், தூத்துக்குடித் துறைமுகம் என்று தடை வளையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் சிவப்பு மண்டலமா என்று பார்க்காமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

நினைவாக ஒரு ஆணியையோ தகட்டுத் துண்டையோ எடுத்து வருவதும் தவறு. கரை ஒதுங்கிய கப்பலும் அதன் பொருட்களும் 'கண்டவருக்குச் சொந்தம்' இல்லை. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் முதலே, கண்டெடுத்தவர் அதை அரசு நியமித்த அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அப்படி ஒதுங்குவது எப்போதும் இரும்பாக இருப்பதும் இல்லை. 2025 மே 25-ம் தேதி கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா-3' மூழ்கியபோது அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. 13-ல் ஆபத்தான சரக்கு, அவற்றில் 12-ல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயுவைக் கொடுக்கும் பொருள் அது. அடுத்த சில நாட்களில் கன்னியாகுமரிக் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. அரிசி மாதிரி இருந்ததால் பிள்ளைகள் கையில் அள்ளி விளையாடும் ஆபத்து இருந்தது. 

கன்டெய்னரோ, எண்ணெய்ப் படலமோ, அறுந்து வந்த மிதவையோ கண்ணில் பட்டால் தள்ளி நின்று, தேதி, நேரம், இடம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையோ, கடலில் ஆள் தத்தளித்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையோ அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.